கழுத்து வலி எல்லாம் ஸ்பாண்டிலைட்டிஸ் ஆகிவிடாது

"எனக்கு ஸ்பாண்டிலைட்டிஸ்ப்பா, தலையணை ஆகாது" என்று என் அத்தை பத்து வருடமாகச் சொல்லிவருகிறார். போன மாதம் அவருடைய பழைய எக்ஸ்ரே அறிக்கை கையில் கிடைத்தது. அதில் இருந்த சொல் ஸ்பாண்டிலோசிஸ். அத்தைக்கு இரண்டும் ஒன்றுதான். அவருக்கு மட்டுமா? கழுத்துப் பிடிப்பு, பைக் ஓட்டிய இடுப்பு வலி, நாளெல்லாம் லேப்டாப் முன்னால் குனிந்த வலி என எல்லாவற்றுக்கும் நம் ஊரில் இந்த ஒரே பெயர்தான்.

கிரேக்க மொழியில் ஸ்பாண்டிலோஸ் என்றால் முள்ளெலும்பு. அதன் பின்னால் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி. டான்சிலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் எல்லாம் அப்படி வந்தவைதான். 'ஓசிஸ்' வந்தால், இந்த இடத்தில், வயதோடு வரும் தேய்மானம். முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) வறண்டு, எலும்பு ஓரத்தில் சின்னச் சின்ன முளைகள் கிளம்பும். நாற்பது, ஐம்பது தாண்டியவர்களை எக்ஸ்ரே எடுத்தால் பலருக்கும் கொஞ்சமாவது தெரியும். இதுபோக ஸ்பாண்டிலோலிஸ்தீசிஸ் என்று ஒன்று உண்டு. அதில் ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின் மேலிருந்து நழுவி நிற்கும். டிஸ்க் பிதுங்குவது அதுவும் இல்லை, வேறு கதை.

சரி, ஸ்பாண்டிலைட்டிஸ் என்றாலாவது ஒரே நோயா என்றால், அதுவும் கிடையாது. முதுகெலும்பைத் தாக்கும் காசநோய்க்கும் மருத்துவர்கள் இந்தச் சொல்லைச் சேர்த்து எழுதுவார்கள். முதுகு வலியோடு மாலையில் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் நம் நாட்டில் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூட்டு மருத்துவர் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று சொன்னால், பெரும்பாலும் அவர் மனதில் இருப்பது ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டில் அழற்சி தொடங்கி, மேலே ஏறி, சிலருக்குப் பல வருடங்களில் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும் நோய் அது. முற்றிய நிலையில் எக்ஸ்ரேயில் முதுகு மூங்கில் கழி மாதிரி தெரியும். இப்போது ஆக்சியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ் என்றும் எழுதுகிறார்கள். எக்ஸ்ரேயில் இன்னும் தெரியாத ஆரம்ப நிலையையும் சேர்த்து வைத்த பெரிய பெயர் இது. சீட்டில் பெயர் மாறிவிட்டதே, புது நோய் வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

தமிழில் எழுதுகிறவர்கள் இதைத் 'தண்டுவட அழற்சி' ஆக்கிவிடுவதைப் பார்க்கிறேன். தண்டுவடம் என்பது எலும்புக்குள்ளே ஓடும் நரம்புத் தொகுதி. அதில் அழற்சி என்றால் கை கால் செயலிழக்கவைக்கும் வேறொரு நோய். 'முள்ளெலும்பு மூட்டழற்சி' என்று எழுதினால் பொருள் சரியாக இருக்கும். 'முடக்குவாதம்' என்பதும் பொருந்தாது. அது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், பெரும்பாலும் கைவிரல்களின் சிறு மூட்டுகளில் தொடங்கும் தனி நோய். அந்த நோய்க்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தச் சோதனை ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸில் பொதுவாக நெகட்டிவாகவே வரும். அதைக் காட்டி "வாதம் ஒன்றும் இல்லை" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் நிறைய.

பெயர்க் குழப்பம் பேச்சோடு போனால் பரவாயில்லை. வைத்தியத்திலும் நுழைந்துவிடுகிறது. தசைப் பிடிப்பிலோ தேய்மானத்திலோ வேலை செய்தால் வலி கூடும், படுத்தால் குறையும். அழற்சி வலி தலைகீழ். பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு வலி எழுப்பிவிடும். காலையில் முதுகு பலகை மாதிரி இறுகி, அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும் இளக. நடமாட நடமாடத் தேவலாம் போலிருக்கும். உட்கார்ந்தால் மறுபடி பிடிக்கும். சிலருக்குப் பிட்டத்தில் ஒரு வாரம் இடப்பக்கம், ஒரு வாரம் வலப்பக்கம் வலிக்கும். பெரும்பாலும் இருபதுகளில் தொடங்கும். 45-க்கு மேல் புதிதாக வருவது அரிது. இருபத்தைந்து வயதுப் பையன் காலையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் "சோம்பேறி, எந்நேரமும் போன்" என்று திட்டுவோம். மூன்று மாதம் தாண்டியும் இப்படியே இருந்தால் திட்டுவதை விட்டுவிட்டு மூட்டு மருத்துவரிடம், அதாவது ருமட்டாலஜிஸ்டிடம், அழைத்துப்போக வேண்டும். இது ஆண்கள் நோய் என்ற பழைய நினைப்பால், பெண்களுக்கு வரும்போது "பிரசவத்துக்குப் பிறகு அப்படித்தான்" என்று காலம் ஓடிவிடுகிறது.

இந்த நோய்க்காரரிடம் "பெட் ரெஸ்ட் எடு" என்று சொல்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. தினசரி நீட்டிப் பயிற்சி, நீச்சல், ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி எல்லாம் இதில் மாத்திரைக்குச் சமமான மருந்து. இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டனாக இருந்த மைக்கேல் ஆதர்டனுக்கு இந்த நோய்தான். இந்த முதுகை வைத்துக்கொண்டுதான் அவர் 1995-இல் ஜோகன்னஸ்பர்க்கில் 643 நிமிடம் நின்று, 185 ரன்னோடு அவுட்டாகாமல் ஆட்டத்தை டிரா செய்தார். எல்லோரும் அப்படி நிற்க வேண்டியதில்லை. காலையில் இருபது நிமிடம் ஒதுக்கினாலே நல்ல தொடக்கம்.

சோதனை முடிவுகளைப் படிப்பதிலும் சறுக்கல்கள் உண்டு. எக்ஸ்ரே நார்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அதில் மாற்றம் தெரிய வருடக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் அந்த மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. கேட்கிறார்கள். ஹெச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-இல் வெளிவந்தது. ஆனால் அது இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. அது இல்லாமலும் நோய் வரலாம். வலியே இல்லாத பிள்ளைகளுக்கெல்லாம் அதை எடுத்துப் பார்த்துவிட்டு ராத்தூக்கம் கெட வேண்டாம்.

மருந்தில், அழற்சி எதிர்ப்பு வலி மாத்திரைகள்தான் முதல் படி. அதையும் கடையில் நாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கேள்வி கேட்கும். ஸ்டீராய்டு மாத்திரை முதுகு அழற்சிக்குப் பெரிதாக உதவாது. முடக்குவாதத்தில் பயன்படும் மெத்தோட்ரெக்சேட்டும் முதுகில் எடுபடாது. பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைப் பார்த்து எதுவும் கேட்க வேண்டாம். மாத்திரைக்கு அடங்காதபோது அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை அடக்கும் ஊசி போன்றவை இருக்கின்றன. அவற்றைத் தொடங்கும் முன் உடம்பில் காசநோய்க் கிருமி பதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். செலவை நினைத்து அந்தச் சோதனையைத் தவிர்க்கச் சொல்லாதீர்கள். புகைக்கிறவராக இருந்தால் நோய் வேகமெடுக்கும்.

அப்புறம், கண். இந்த நோய் உள்ளவருக்கு ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்த்தால் கூசினால் அது மெட்ராஸ் ஐ என்று நினைத்துச் சொட்டு மருந்து வாங்கி ஊற்றக் கூடாது. கண்ணுக்குள்ளேயே அழற்சி வந்திருக்கலாம். அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாமதித்தால் பார்வை பாதிக்கும்.

கடைசியாக, முடிதிருத்தும் கடை. வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் 'டக்'கென்று திருப்பி நெட்டி எடுப்பார்களே, அது யாருக்கும் நல்லதில்லை. எலும்பு ஒட்டிப்போன கழுத்து வளைந்து கொடுக்காது, சுண்ணக்கட்டி மாதிரி உடையும். லேசாக வழுக்கி விழுந்தாலே முறிவு வரும். நாற்காலியில் உட்காரும்போதே "அண்ணே, கழுத்தைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.