மணி பிளாண்டைத் தொங்க விடாதீர்கள், ஏற விடுங்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு மணி பிளாண்ட் இருக்கும், அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சன்னல் ஓரம் பாசி பிடித்த போத்தலில் நாலு இலையோடு வருடக்கணக்கில் நிற்கும், அவ்வளவுதான். அதே கொடி தோட்டத்துக் கோயில் பக்கத்தில் தூங்குமூஞ்சி மரத்தைப் பிடித்து ஏறியிருந்தால் இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிது, ஓரத்தில் கிழிசல் வேறு. அது ஏதோ காட்டுக்கொடி என்று நினைக்கிறோம். இல்லை, இரண்டும் ஒரே செடிதான்.

ஏறினால் இலை பெருக்கும், தொங்கினால் சிறுக்கும். அதனால் அதற்கு ஏற ஒரு கம்பம் கொடுப்பதுதான் வேலை.

முதலில் கம்பம். கடையில் விற்கும் பாசிக் கம்பத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பசாரில் தேங்காய் துருவும் கடையில் கேட்டால் மட்டை சும்மாவே கிடைக்கும். ஒரு மீட்டர் பிவிசி பைப்பைச் சுற்றி அந்த நாரைத் தடிப்பாக வைத்து, ராஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பழைய பெயின்ட் டின்னைச் சுத்தமாகக் கழுவி அடியில் ஓட்டை போட்டு, கம்பத்தை நடுவில் நிறுத்திவிட்டு மண்ணைப் போடுங்கள், செடி வைத்த பிறகு கம்பத்தைக் குத்தினால் வேர் அறுந்துவிடும். நம் செம்மண் தனியாக இருந்தால் களியாக இறுகிவிடும், பாதிக்குப் பாதி கருக்கிய உமியோ நார்த்தூளோ கலந்துகொள்ளுங்கள்.

அப்புறம் கொடி. தண்டில் இலை பிரியும் கணுவில் பழுப்பு நிறத்தில் ஒரு முண்டு தெரியும், அதுதான் வேர். அதற்குக் கொஞ்சம் கீழே வெட்டுங்கள், கணு இல்லாத துண்டு எத்தனை நாள் இருந்தாலும் செடியாகாது. மூன்று நான்கு துண்டுகளை ஒரே டின்னில் நட்டு, வேர் முண்டு இருக்கும் பக்கம் கம்பத்தைப் பார்க்கும்படி தண்டை மட்டும் தளர்வாகக் கட்டுங்கள். திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் பணம் பெருகும் என்பார்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கினாலும் நன்றாகத்தான் வளருகிறது.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், கம்பத்தைக் காயவிடுகிறார்கள். நார் ஈரமாக இருந்தால்தான் வேர் அதைப் பற்றும், ஆகவே தினமும் கம்பத்தின் மேலிருந்து ஊற்றுங்கள். மண் எப்போதும் சொதசொதவென்று இருக்கக்கூடாது, விரலை விட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் கம்பத்துக்கு மட்டும் தெளித்தால் போதும். அடி இலைகள் வரிசையாக மஞ்சளானால் பெரும்பாலும் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

வீட்டு முன்பக்க ஐந்தடி நடைபாதையில் காலை வெயில் படும் இடம் சரி, மத்தியான வெயில் இலையைக் கருக்கிவிடும். இருட்டு மூலையில் வைத்தால் இலையில் இருக்கும் பொன்னிறத் தீற்றல் மங்கிப்போகும். ஒரு மீட்டர் கம்பத்தில் தட்டளவு இலை வராது, அதற்குப் பல மீட்டர் ஏற வேண்டும், ஆனால் போத்தலில் இருந்ததைவிடப் பெரிய இலை நிச்சயம் வரும். பூவை எதிர்பார்க்காதீர்கள். பூப்பதற்கு வேண்டிய ஜிபரெல்லின் என்ற ஹார்மோனை இந்தச் செடியால் சரியாக உண்டாக்க முடியவில்லை என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. பசிபிக் கடலில் மூரெயா தீவிலிருந்து வந்த செடி இது, நம் வீடுகள்வரை வெட்டி வெட்டித்தான் பரவியிருக்கிறது.

போத்தல்தான் வேண்டும் என்பவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசு சுவரில்தான் முட்டை ஒட்டும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. டிங்கி பரிசோதனைக்கு வருபவர்கள் ஜென்திக்கை, அதாவது கொசுப்புழுவைப் பார்த்தால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் போடலாம்.

பூனையோ தவழும் குழந்தையோ இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள், கடித்தால் வாயும் நாக்கும் எரியும், சாறு பட்டால் சிலருக்குக் கை அரிக்கும். வெட்டிய மிச்சத்தைப் பின்னால் கால்வாயிலோ செம்பனை ஓரத்திலோ வீசாதீர்கள், ஒரு கணு மண்ணைத் தொட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். சிமெண்டுத் தரையில் வெயிலில் நன்றாகச் சுருங்கும்வரை காயவிட்டுக் குப்பையில் போடுங்கள்.