பூனைக்குக் காய்ச்சல் என்று டோலோவை உடைக்காதீர்கள்

பூனை சோர்ந்து படுத்திருக்கிறது, உடம்பு சுடுகிறது, வீட்டில் டோலோ 650 (அதாவது 650 மில்லிகிராம் பாராசிட்டமால்) இருக்கிறது, கால் பாகம் உடைத்துக் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடாது. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பில் ரெண்டு சொட்டும் கூடாது. எடைக்குத் தகுந்த மாதிரி குறைத்தால் போதும் என்கிற கணக்கு பூனையிடம் செல்லாது.

நம் கல்லீரல் பாராசிட்டமாலின் பெரும்பகுதியை குளுகுரோனிக் அமிலத்தோடும் சல்பேட்டோடும் சேர்த்து, நீரில் கரையும்படி மாற்றி, சிறுநீரில் வெளியேற்றிவிடும். சிறு பங்கு மட்டும் நச்சாக மாறும், அதையும் உடம்பே தயாரிக்கும் குளுட்டோதயோன் என்கிற நச்சுமுறிப்பான் முடக்கிவிடும். பூனைக்கு முதல் வழியான குளுகுரோனிக் வழியே கிட்டத்தட்ட அடைபட்டிருக்கிறது. அதற்கான நொதியைத் தர வேண்டிய யூஜிடி1ஏ6 மரபணு பூனையில் பழுதாகிக் கிடக்கிறது (சிங்கத்துக்கும் இதே கதைதான், காலங்காலமாக இறைச்சியே தின்றதால் செடிகளின் நச்சை முறிக்கும் தேவை குறைந்துபோனது என்று கருதுகிறார்கள்). சல்பேட் வழியும் சீக்கிரமே திணறிவிடும். மிச்சமெல்லாம் நச்சாக மாற, குளுட்டோதயோன் தீர்ந்துபோய், முதல் அடி ரத்தச் சிவப்பணுக்களில் விழுகிறது: ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபினாக மாறி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே நஞ்சேறிய பூனைகள் உண்டு. நீங்கள் உடைக்கும் கால் டோலோ, 4 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 40 மில்லிகிராம்!

சரி, யாரோ தெரியாமல் கொடுத்துவிட்டார்கள், அல்லது கீழே விழுந்த மாத்திரையை அதுவே தின்றுவிட்டது என்றால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு உள்ளே போனது என்று குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், அதுவே தனி ஆபத்து. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறுவது, முகமும் பாதமும் வீங்குவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது இதெல்லாம் நஞ்சு ஏறிவிட்டதற்கான அடையாளம். மாற்று மருந்து உண்டு: என்-அசிட்டைல்சிஸ்டீன். குளுட்டோதயோனை உடம்பு மறுபடி தயாரிக்க அது உதவும். மனிதர்களுக்குச் சளி இளக்கக் கொடுப்பதும் இதே மருந்துதான், அதனால் கிளினிக்கில் இருப்பு இல்லை என்றால் பெரிய மெடிக்கல் ஷாப்பில் தேடலாம். அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சளி, தலைவலி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆஸ்பிரினும் பூனை உடம்பில் நாள்கணக்கில் தங்கும். ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்துவிட்டு பூனை பாதத்தை நக்கும், அதனால் நன்றாகக் கழுவி உலரும் வரை உள்ளே விடாதீர்கள். நாய்க்கு உண்ணி போகப் பிடரியில் விடும் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அதை உடைத்து வெளியேற்றவும் பூனையால் முடிவதில்லை.

அப்புறம் ஒன்று, பூனையின் இயல்பான சூடே ஏறக்குறைய 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யாமல், சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.