ஆல் ஸ்டார் சீசனுக்கு யாரைத் திரும்பக் கூப்பிடுவது?

ஆல் ஸ்டார், அதாவது பழைய சீசன் போட்டியாளர்களையே மறுபடி கூப்பிட்டு நடத்தும் சீசன், என்று பேச்சு எழுந்த உடனே போட்டி நடத்துபவர்கள் ஒரு தாளில் பெயர்களை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு பெயர் சேர்ந்துவிடும். அந்தத் தாளை மடித்து மேசை டிராயரில் போட்டுவிடுங்கள். அதில் பாதிப் பேர் போன சீசன்காரர்களாக இருப்பார்கள், மீதிப் பேர் சத்தமாகப் பேசியவர்கள். நினைவில் நிற்பவர் வேறு, திரும்ப வந்தால் ஆட்டம் நடத்துபவர் வேறு.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் உள்ளூர் கேபிளிலும் யூடியூபிலும் போட்டி நடத்தும் குழுக்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். சமையலும் டாஸ்க்கும் கலந்து, ஒரே வீட்டில் தங்கவைத்து, வாராவாரம் போட்டியாளர்களே ஓட்டுப் போட்டு ஒருவரை அனுப்பும் வகை. கணக்குக்காக, சீசனுக்கு 12 பேர் வீதம் நான்கு சீசன் முடிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 48 பேரிலிருந்து 12 பேர், கூடவே ஸ்டாண்ட்பை 3 பேர். இரண்டே சீசன் முடிந்திருந்தால் ஆல் ஸ்டார் வேண்டாம். 24 பேரில் 12 பேரை எடுத்தால் அது பழைய சீசனின் மறு ஒளிபரப்பு மாதிரிதான் இருக்கும்.

பதிவேடு

48 பேருக்கும் ஒரு எக்செல் ஷீட் போடுங்கள். முதல் வாரமே வெளியே போனவரையும் விடக்கூடாது. ஒவ்வொருவருக்கும் எந்த சீசன், எத்தனையாவது இடம், எந்த வாரம் போனார் என்பது முதலில். அடுத்த கட்டம் முக்கியமானது: எதனால் போனார்? சமையலில் தோற்றாரா, மற்றவர்கள் கூட்டுச் சேர்ந்து அனுப்பினார்களா, உடம்பு முடியாமல் போனாரா, தானாகவே கிளம்பினாரா? பிறகு இப்போது என்ன வேலை, எந்த ஊர், கல்யாணம் குழந்தை, உடல்நிலை, நம் போட்டியாளர்களில் யாரோடு பழக்கம், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை. கடைசியாக ஒரே வரியில், இவர் திரும்ப வர ஒரு காரணம்.

அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் எவ்வளவு பிரபலமானவராக இருந்தாலும் தள்ளி வையுங்கள். ‘இறுதிப் போட்டியில் பருப்பு தீய்ந்து இரண்டாம் இடம்’ என்பது காரணம். ‘நான்காம் வாரம் நண்பனே எதிராக ஓட்டுப் போட்டான்’ என்பது அதைவிட நல்ல காரணம். ‘ரீல்ஸில் நல்லா ஓடுது’ என்பது காரணமே இல்லை. அந்த ரீல்ஸ் நீங்கள் கூப்பிடாமலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கழித்தல்

இதில் யோசிக்க அதிகம் இல்லை. கைகலப்பில் இறங்கியவர், ஒளிபரப்புக்கு முன்பே முடிவை வெளியே சொன்னவர், பேசிய பணத்துக்காக வக்கீல் நோட்டீஸ் வரை போனவர், இந்த மூன்று பேரும் வேண்டாம். இப்போது அரசு வேலையில் இருப்பவருக்குத் துறை அனுமதி வேண்டும். வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் வேண்டும். ஆஸ்பத்திரி ஷிப்டில் இருக்கும் நர்ஸ், விடுப்பில் ஊர் வந்திருக்கும் ராணுவ வீரர் இருவரும் நம் பக்கத்தில் அடிக்கடி கிடைக்கும் நல்ல போட்டியாளர்கள். ஆனால் அவர்களுடைய லீவு படப்பிடிப்பு நாட்களைவிட ஐந்து நாளாவது கூடுதலாக இருக்க வேண்டும். மழையிலோ கரண்ட் கட்டிலோ ஷெட்யூல் இழுத்துக்கொண்டு போகும்போது இறுதிச் சுற்றில் ஒருவர் பெட்டியோடு நின்றால் அந்த சீசனே கெட்டுப்போகும். 48இல் பாதியாவது இந்த இடத்தில் கழியும் என்று எதிர்பாருங்கள்.

வென்றவர்களை என்ன செய்வது

இங்கேதான் பெரிய டிவிக்காரர்களே தடுமாறியிருக்கிறார்கள். போட்டியாளர்களே ஓட்டுப் போட்டு ஒருவரை அனுப்பும் அமெரிக்க டிவி நிகழ்ச்சி ‘சர்வைவர்’ 2004இல் நடத்திய முதல் ஆல் ஸ்டார் சீசனில் 18 பேர். அதில் 4 பேர் ஏற்கெனவே பட்டம் வென்றவர்கள். முதல் ஓட்டெடுப்பிலேயே வெளியே போனவர் அந்த நால்வரில் ஒருவர். நால்வரில் யாரும் கடைசிக் கட்டத்தை எட்டவில்லை. ‘உனக்குத்தான் ஏற்கெனவே பரிசு கிடைச்சாச்சே’ என்ற ஒரு வார்த்தை போதும், எட்டுப் பேர் ஒன்று சேர. 2020இல் அதே நிகழ்ச்சி 20 பேரையும் வென்றவர்களாகவே எடுத்தது. யாருக்கும் அந்தச் சாக்கு கிடைக்கவில்லை, ஆட்டம் ஆட்டமாக நடந்தது. தமிழில் 2022 ஜனவரி 30இல் தொடங்கிய ‘பிக் பாஸ் அல்டிமேட்’ எதிர்ப்பக்கமாகப் போனது. முதல் நாள் உள்ளே போன 14 பேரும் முதல் ஐந்து சீசன்காரர்கள், ஆனால் அந்த ஐந்து சீசனில் பட்டம் வென்ற ஒருவர்கூட இல்லை.

ஆகவே ஒன்று, வென்றவர் யாருமே வேண்டாம். இல்லையென்றால் எல்லாருமே வென்றவர்களாக இருக்கட்டும். நான்கு சீசன் நடத்திய குழுவிடம் நான்கே சாம்பியன்கள் இருப்பார்கள் என்பதால் இரண்டாவது வழி நமக்கு இல்லை. அவர்களை ஒரு வாரத்துக்கு நடுவராகவோ டாஸ்க் வைப்பவராகவோ கூப்பிடலாம். பன்னிரண்டு பேருக்கு நடுவே ஒரே ஒரு சாம்பியனை உட்காரவைப்பது மட்டும் கூடாது. அது அவரைப் பலி கொடுப்பது.

ஜோடிக் கட்டம்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. பெரும்பாலும் யாரும் செய்யாமல் விடுவதும் இதைத்தான். ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்து எடுத்தால் எல்லாரும் நல்லவர்களாகவே தெரிவார்கள். கூட்டமாக உள்ளே போனபின்தான் பழுது தெரியும். 12 பேர் என்றால் 66 ஜோடி. பெரிய சார்ட் அட்டையில் 12க்கு 12 கட்டம் போட்டு, மூலைவிட்டத்துக்கு மேலே இருக்கும் பாதியை மட்டும் நிரப்புங்கள். நட்பு என்றால் பச்சை, பகை என்றால் சிவப்பு, பழக்கமே இல்லை என்றால் வெள்ளை. உறவுக்காரர், ஒரே கடையில் வேலை பார்த்தவர், ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் தினம் பேசுபவர் எல்லாம் பச்சைதான்.

சீசனுக்கு 3 பேர் வீதம் எடுத்தால் ஒரே சீசனில் ஒன்றாக இருந்த ஜோடிகள் 12 மட்டும். மீதி 54 ஜோடி வெவ்வேறு சீசன்காரர்கள். போன சீசனிலிருந்து 6 பேரும் மற்ற மூன்று சீசனிலிருந்து இரண்டிரண்டு பேரும் எடுத்தால் ஒரே சீசன் ஜோடிகள் 18. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதில் 15 ஜோடி ஒரே இடத்தில் கட்டியாகச் சேர்ந்திருக்கும். அந்த ஆறு பேர் வீட்டில் பாதி. மற்ற ஆறு பேர் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வதற்குள் மூன்று வாரம் ஓடிவிடும். அந்த மூன்று வாரத்தில் மூன்று பேர் போயிருப்பார்கள்.

எங்கள் அளவுகோல்: 66இல் குறைந்தது 50 வெள்ளை. பச்சை 10ஐத் தாண்டக் கூடாது. ஒருவருக்கொருவர் எல்லாருமே பச்சையாக இருக்கும் நான்கு பேர் கூட்டம் எங்கேயும் இருக்கக் கூடாது, மூன்று பேர் வரை பரவாயில்லை. நான்கு பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு ஓட்டு. மற்ற எட்டு ஓட்டு நாலா பக்கமும் சிதறும்போது நான்கு ஓட்டே ஒருவரை வெளியே அனுப்பிவிடும். ‘பிக் பாஸ்’ மாதிரியான அமெரிக்க ‘பிக் பிரதர்’ 2020இல் நடத்திய ஆல் ஸ்டார் சீசன் பலருக்குச் சலித்துப்போனதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் வீட்டுக்குள் போவதற்கு முன்பே இருந்த பழக்கமும் பேச்சும்தான். சிவப்பு 3 முதல் 6 வரை போதும். சிவப்பு அதிகமானால் சமையல் காணாமல் போய்ச் சண்டை மட்டும் மிஞ்சும்.

வெள்ளை என்றால் நேரில் பழகவில்லை என்றுதான் அர்த்தம்; ஒளிபரப்பில் எல்லாரும் எல்லாரையும் பார்த்திருப்பார்கள். கடைசியாக நடந்த சீசன் இன்னும் ஒளிபரப்பாகவில்லை என்றால் அதிலிருந்து ஆள் எடுக்காதீர்கள். 2010இல் ஒளிபரப்பான ‘சர்வைவர்’ சீசனில் ரஸ்ஸல் ஹான்ட்ஸ் முந்தின சீசனை முடித்த கையோடு வந்தார். அவர் ஆடிய விதத்தை மற்ற 19 பேரும் திரையில் பார்த்திருக்கவில்லை. இறுதிவரை போய்விட்டார், கடைசியில் வெளியே போன போட்டியாளர்கள் அடங்கிய நடுவர் குழுவின் ஓட்டு ஒன்றுகூட விழவில்லை என்பது வேறு கதை. பார்வையாளருக்கு அது விருந்து, சக போட்டியாளருக்கு அநியாயம்.

வேஷப் பொருத்தம்

நம் பக்கத்துக் கூத்து ஜமாவை, அதாவது கூத்துக் குழுவைப் பாருங்கள். துரியோதனன் கட்டுவதில் கெட்டிக்காரர் ஐந்து பேர் இருந்தாலும் ஒரு ராத்திரிக்கு ஒருவர்தான் கட்டுவார். கதையைச் சொல்லிச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன் இல்லாமல் கூத்தே தொடங்காது. ஆல் ஸ்டாருக்கு ஆள் எடுப்பவர்கள் ஐந்து துரியோதனனை எடுத்துவிட்டுக் கட்டியங்காரனை மறந்துவிடுகிறார்கள். சிரிக்கவைப்பவர், சண்டைக்கு நடுவே புகுந்து பேசுபவர், ‘உள்ளே என்ன நடக்குது’ என்று கேமராவிடம் தெளிவாகச் சொல்பவர், இப்படி இரண்டு பேர் கட்டாயம். சொந்த சீசனில் இவர்கள் ஆறாம் ஏழாம் இடத்தில் போயிருப்பார்கள். ஸ்டார் என்ற பெயர் யாருக்கும் தோன்றாது. எடிட்டரைக் கேளுங்கள். யாருடைய பேச்சை வைத்து அதிக எபிசோடுகளைக் கோத்தார் என்று அவருக்குத்தான் தெரியும்.

சமையல் கைப்பக்குவத்திலும் இதே கணக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் பிரியாணியில் பேர் வாங்கியவர்கள் நிறையக் கிடைப்பார்கள். இரண்டு பேர் இருந்தால் போட்டி, நான்கு பேர் இருந்தால் அண்டா அண்டாவாகச் சீரகச் சம்பா. ஒருவர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை வைத்தே ஐந்து விதம் செய்பவராக இருக்கட்டும், ஒருவர் இனிப்புக்காரர், ஒருவர் சைவம் மட்டும். ஒரே அயிட்டத்தை வைத்து முன்பு மேலே வந்தவரை எடுக்கும் முன் ஒரு சோதனை வையுங்கள்: அந்த அயிட்டம் இல்லாமல், ஒரு மணி நேரத்தில், எட்டுப் பேருக்குச் சமைக்கச் சொல்லுங்கள். பழைய சீசனுக்குப் பிறகு கரண்டி தொடாதவர் அங்கேயே தெரிந்துவிடுவார்.

போனில் கேட்பது

20 பேர் வரை சுருங்கியதும் கூப்பிடுங்கள். ஒரே ஆள், இரண்டு மூன்று நாளுக்குள், எல்லாரையும் கூப்பிட்டு முடிக்க வேண்டும். இழுத்தால் செய்தி தானாகவே ஊர் சுற்றும். ‘உங்களை எடுத்தாச்சு’ என்று சொல்லாதீர்கள். ‘தேதி ஒத்து வருமான்னு கேக்கறோம்’ என்பதே போதும். வேறு யார் வருகிறார்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்று சாயங்காலமே காட்பாடி டீக்கடையில் கூட்டணி அமைந்துவிடும்.

மூன்று கேள்வி கேளுங்கள். போன முறை செய்ததில் எதை மாற்றுவீர்கள்? யாரோடு ஒரே வீட்டில் இருக்கவே முடியாது? ஒளிபரப்பு முடிந்தபின் வீட்டிலும் தெருவிலும் என்ன பேச்சு வாங்கினீர்கள்? மூன்றாவது கேள்விக்குக் குரல் மாறினால் அவசரப்படாதீர்கள். குறிப்பாகப் பெண் போட்டியாளர்கள் முன்பு கமென்ட்டில் வாங்கிய ஏச்சை மறுபடி வாங்கத் தயாரா என்று அவர்களே நிதானமாக முடிவெடுக்க நான்கு நாள் கொடுங்கள், வீட்டாரிடமும் பேசச் சொல்லுங்கள். முதல் சீசனில் எடுத்த மருத்துவச் சான்று இப்போது செல்லாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, மனநலம் மூன்றையும் புதிதாகப் பாருங்கள்.

திரும்ப வருபவர் புதுமுகம் மாதிரி இல்லை, பணம் பேசுவார். நாள் கணக்கில் எல்லாருக்கும் ஒரே தொகை என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு ரேட் என்றால் முதல் ராத்திரியே வீட்டுக்குள் அதுதான் பேச்சு. பரிசுத் தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மக்கள் ஓட்டு

விளம்பரத்துக்கு நல்லது, தேர்வுக்கு ஆபத்து. குடியாத்தத்தில் ஒரு பெரிய தெருவே சேர்ந்து ஒருவருக்குப் போட்டால் ஜோடிக் கட்டம் மொத்தமும் சரிந்துவிடும். 12 இடத்தில் 3 இடத்தை மட்டும் ஓட்டுக்கு விடுங்கள். அதுவும் 6 பேரை நீங்களே நிறுத்தி, எந்த மூவர் வந்தாலும் பச்சை 10ஐத் தாண்டாது என்று முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். ஆறில் மூவர் என்றால் 20 விதச் சேர்க்கை. ஒரு மதியத்தில் முடிகிற வேலை. ஓட்டுக்கு நிற்கும் ஆறு பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பெட்டி கட்டித் தயாராக இருக்க வேண்டும். 2015இல் ‘சர்வைவர்’ 32 பேரை நிறுத்தி 20 பேரை மக்கள் ஓட்டில் எடுத்தபோது, முடிவு சொன்ன கையோடு அவர்களைப் படப்பிடிப்புக்குக் கிளப்பிவிட்டார்கள். நடுவில் நாள் கொடுத்தால் அது கூட்டணி பேசத்தான் பயன்படும்.

தேதியும் ஸ்டாண்ட்பையும்

தேதிக்கும் ஆளுக்கும் தொடர்பு உண்டு. மே மாதம் வேலூர் டவுனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அதில் 12 அடுப்பு எரியும் ஷெட்டில் ஐம்பது வயதுக்காரரை நிறுத்த முடியாது. ஏலகிரியில் வீடு பிடித்தால் சமாளிக்கலாம். மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவில் யாருக்கு வாந்தி வரும் என்பதையும் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ரம்ஜான் நோன்பில் சமையல் போட்டி வைத்தால் நல்ல போட்டியாளர்கள் பலர் வர முடியாது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நாளில் அந்த ஊர்க்காரர் மனசு வீட்டுக்குள் நிற்காது.

ஸ்டாண்ட்பை மூவரை மிச்சம் மீதியிலிருந்து எடுக்காதீர்கள். யார் விலகக்கூடும் என்று பார்த்து, அவருக்குப் பதிலாக வந்தால் கட்டத்தில் பச்சை கூடாதவராக, அதே வேஷத்துக்குப் பொருந்துபவராக இருக்க வேண்டும். அவர்களுக்கும் நாள் படி உண்டு, இரண்டாம் வார எவிக்‌ஷன் வரை. அதன்பின் போன் செய்து விடுவித்துவிடுங்கள். டிராயரில் போட்ட முதல் தாளை இப்போது எடுத்துப் பாருங்கள். உங்கள் கடைசிப் பட்டியலும் அதுவும் எட்டுப் பெயருக்கு மேல் ஒத்துப்போனால் கட்டத்தை மறுபடி நிரப்புங்கள். ஏதோ ஒரு பச்சையை வெள்ளை என்று போட்டிருக்கிறீர்கள்.