விஞ்ஞானக் கதைக்குள் பின்வாசல் வழியாக நுழையாதீர்கள்

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். பின்பக்கமாக நுழைந்தால் முதலில் அடுப்படிதான். முகப்பையும் வளவையும் (உள்முற்றத்தையும்) பார்ப்பதற்குள் ஆள் களைத்துவிடுவார். ஐசக் அசிமாவின் ஃபவுண்டேஷன் நாவல் வரிசையைப் பலர் பாதியில் மூடிவைப்பதும் இப்படித்தான். கதைப்படி முதலில் நடப்பது எதுவோ அதிலிருந்து தொடங்கலாம் என்று 1988-இல் வந்த ‘பிரிலூட் டு ஃபவுண்டேஷன்’ நாவலைக் கையில் எடுக்கிறார்கள். அது பிற்பாடு எழுதிய முன்கதை. இதே வரிசையில் 1986-இல் வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் திறக்க வேண்டிய ஒரு ரகசியத்தை அது அவிழ்த்துப் போட்டுவிடும். 1951, 1952, 1953-இல் வந்த மூன்றை அதே வரிசையில் படியுங்கள். பிறகு 1982, 1986. முன்கதைகள் இரண்டும் (1988, 1993) கடைசியில்.

1951-இல் வந்த அந்த முதல் புத்தகத்திலேயே இன்னொரு சறுக்கல் உண்டு: கதாநாயகனைத் தேடுவது. அதன் 5 பகுதிகளில் 4, 1942 முதல் 1944 வரை பத்திரிகையில் தனித்தனிக் கதைகளாக வந்தவை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பல பத்து வருஷங்கள் ஓடிவிடும், பழகிய முகம் பெயராக மட்டும் மிஞ்சும். சண்டைகள் பெரும்பாலும் நம் கண்ணில் படாமலே நடக்கின்றன. நம் முன்னால் நடப்பது பேச்சு, யார் யாரை எந்த வார்த்தையில் மடக்குகிறார் என்பது. பஞ்சாயத்துப் பேச்சை ரசிப்பவருக்கு அசிமாவ் தேன். அந்தப் பொறுமை இல்லையென்றால் ‘ஐ, ரோபாட்’ (1950) போதும். 9 கதைகள், ரோபாட்டுகளுக்கான 3 விதிகள், அந்த விதிகள் ஒன்றோடொன்று எங்கே இடிக்கின்றன என்ற புதிர்.

ஆர்தர் சி. கிளார்க்கைப் படிக்கும்போது எண்களைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். ‘ராண்டேவூ வித் ராமா’ (1973) நாவலில் வரும் அன்னியக் கலம் 50 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் விட்டமும் உள்ள உருளை. 4 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. பென்சிலை எடுங்கள். சுவரின் கனத்தைக் கழித்தால் உள்ளே ஆரம் 8,000 மீட்டர். 240 விநாடிக்கு ஒரு சுற்று என்றால் கோண வேகம் விநாடிக்கு சுமார் 0.026 ரேடியன். அதன் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால், சுழற்சி தரும் செயற்கை ஈர்ப்பு 5.5 என்று வரும். பூமியில் அது 9.8. ஆக, இங்கே 60 கிலோ காட்டும் ஆள் அங்கே தரையில் 34 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. நடு அச்சில் எடையே கிடையாது, அச்சிலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி நின்றால் 17 கிலோ. அச்சின் முனையிலிருந்து படிக்கட்டில் இறங்குபவர்கள் ஒவ்வொரு படிக்கும் கனத்துக்கொண்டே போகிறார்கள். மேலே மிதந்தவருக்குக் கீழே வந்தால் கால் வலிக்கும். இந்தக் கணக்கைப் போடாதவருக்குப் பல அத்தியாயங்கள் வெறும் மாடிப்படி விவகாரமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. பின்னால் வந்த ராமா நாவல்கள் ஜென்ட்ரி லீயோடு சேர்ந்து எழுதியவை. நடையே வேறு, அவற்றை வைத்துக் கிளார்க்கை எடைபோட வேண்டாம்.

ஜோ ஹால்டிமனின் ‘தி ஃபாரெவர் வார்’ (1974) நாவலைப் போர்க்கதை என்று மட்டும் படித்துவிட்டு அலுத்துக்கொள்வது அடுத்த தவறு. அதன் உயிர் காலக்கணக்கில் இருக்கிறது. ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்தில் போகும் கலத்தில் 1 வருஷம் கழிந்தால் ஊரில் ஏறக்குறைய 7 வருஷம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது அன்னியமான விஷயமே இல்லை. பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வியாபாரம் செய்ய) போனவர் மூன்று வருஷக் கணக்கை முடித்து வரும்போது, தவழ்ந்த பிள்ளை வளவில் ஓடிக்கொண்டிருக்கும். ஹால்டிமனின் கணக்கில் அதே மூன்று வருஷத்துக்கு வாசலில் வந்து நிற்பது 22 வயது ஆள். இதை மனதில் வைத்துக்கொண்டு, சிப்பாய் ஊர் திரும்பும் பகுதிகளை மெதுவாகப் படியுங்கள்.

சுஜாதா விஷயத்தில் ஒரே குறை, ‘என் இனிய இயந்திரா’வை நாய்க்குட்டிக் கதை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போவது. ஜீனோ என்ற அந்த இயந்திர நாய் வேடிக்கையாகப் பேசுவது உண்மைதான். ஆனால் பெயர்களை எண்ணிப் பாருங்கள்: நிலா, சிபி, ரவி, ஜீவா. எல்லாம் இரண்டெழுத்து. பெயரின் நீளத்தைக்கூட அளந்து கொடுக்கும் அரசாங்கம் அது. ‘மீண்டும் ஜீனோ’ இதன் தொடர்ச்சி, முதலில் அதை எடுக்காதீர்கள்.

சீன எழுத்தாளர் லியூ சிஷினின் ‘தி த்ரீ-பாடி ப்ராப்ளம்’ ஆங்கிலத்தில் 2014-இல் வந்தது. அதைத் திறப்பவர்கள் பெயர்களில் வழுக்குகிறார்கள். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். யே வென்ஜியே, அவள் அப்பா யே ஷெதாய் இருவருக்கும் ‘யே’ பொது. புத்தகத்துக்குள் வைக்கும் அட்டையில் பெயர், வேலை, உறவு மூன்றையும் எழுதிக்கொண்டால் ஐம்பது பக்கத்துக்குப் பிறகு அட்டை தேவைப்படாது.

சிறுகதைக்காரர் டெட் சியாங்கின் முதல் தொகுப்பில் 8 கதை, இரண்டாவதில் 9. ஒரே ராத்திரியில் முடித்தால் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். நாளுக்கு ஒன்று, அதுவும் காபி ஆறினாலும் பரவாயில்லை என்ற நேரத்தில்.