துப்பறியும் தொடரின் நிறைகுறை சொல்லும்போது சறுக்கும் இடங்கள்: ‘பிராட்சர்ச்’சை முன்வைத்து

ஒரு குற்றப் புலனாய்வுத் தொடரைப் பார்த்து முடித்ததும் நம்மில் பலர் முதலில் சொல்வது, கொலையாளி யார் என்பதை எத்தனையாவது எபிசோடில் ஊகித்தோம் என்பதைத்தான். முன்பே தெரிந்துவிட்டால் தொடர் சுமார் என்றும், கடைசிவரை தெரியாவிட்டால் அருமை என்றும் தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. இவ்வகைத் தொடர்களைப் பற்றி எழுதுபவர்கள் செய்யும் தவறுகளில் இதுவே பெரியது என்று உறுதியாக நினைக்கிறேன். பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில் 2013 மார்ச் 4 முதல் ஏப்ரல் 22 வரை திங்கட்கிழமைதோறும் எட்டு எபிசோடுகளாக ஒளிபரப்பான ‘பிராட்சர்ச்’ தொடரை வைத்து இதை விளக்கலாம். குற்றவாளியின் பெயரை மறைத்துக்கொண்டு இதை எழுத இயலாது. ஆகவே தொடரை இனிமேல்தான் பார்க்கவிருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

இங்கிலாந்தின் தென்கடலோரத்தில் உள்ள டார்செட் பகுதியில், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு சிற்றூர். அங்கே செங்குத்தான பாறைச் சுவரின் அடியில் டேனி லாட்டிமர் என்ற 11 வயதுச் சிறுவனின் உடல் கிடக்கிறது. பதவி உயர்வு தனக்குத்தான் என்று நம்பி விடுமுறையிலிருந்து திரும்பும் உள்ளூர்க் காவல்துறை அதிகாரி எல்லி மில்லர், அந்த இடத்தில் வெளியூரிலிருந்து வந்த அலெக் ஹார்டி அமர்ந்திருப்பதைக் காண்கிறார். இறந்தவனின் குடும்பம் எல்லிக்கு நெருக்கமானது. டேனியும் அவருடைய மகன் டாமும் உற்ற நண்பர்கள். கடைசியில் கொலையாளி எல்லியின் கணவர் ஜோ என்று தெரியவருகிறது.

ஜோவை நான்காவது எபிசோடிலேயே ஊகித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொடர் எதையேனும் இழந்துவிட்டதா என்பதே கேள்வி. நான் இதை இரண்டாம் முறை பார்த்தபோது, விடை தெரிந்திருந்தும், முதல் முறையைவிட அதிகமாகக் கலங்கினேன். அதற்கு ஒரு காட்சி காரணம். சூசன் ரைட் என்ற பெண்ணை எல்லி விசாரிக்கிறார். சூசனின் கணவன் பெற்ற மகளிடமே தகாத முறையில் நடந்தவன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று எல்லி அருவருப்போடு கேட்கிறார். இறுதி எபிசோடில், மகனைப் பறிகொடுத்த பெத் லாட்டிமர் அதே கேள்வியை எல்லியிடம் திருப்பிக் கேட்கிறாள். தொடரை எழுதிய கிறிஸ் சிப்நால் முடிச்சைப் போட்டது கொலையாளியின் பெயரில் அன்று, இந்தக் கேள்வியில்தான். ஊகிப்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்பவரின் கண்ணுக்கு இது படவே படாது.

அதே அளவுகோல் உண்மையான குறையையும் மறைத்துவிடுகிறது. துப்பறிதல் என்ற வகையில் முதல் சீசனின் முடிவு பலவீனமானது. காணாமற்போயிருந்த டேனியின் கைப்பேசி உயிர்பெறுகிறது, அதன் சிக்னலைப் பின்தொடர்ந்து ஹார்டி செல்கிறார், ஒளிந்து ஒளிந்து சலித்துப்போன ஜோ அங்கே நிற்கிறான். அதாவது, காவல்துறையினர் அவனைப் பிடித்தார்கள் என்பதைவிட அவனே பிடிபட்டுக்கொண்டான் என்பதே சரி. எட்டு எபிசோடுகள் சேகரித்த தடயங்கள் அந்த வாசலுக்கு நம்மை அழைத்துச் செல்லவில்லை. எல்லியாக வரும் ஒலிவியா கோல்மனின் நடிப்பில் மனம் கரைந்து, ‘அருமையான துப்பறியும் கதை’ என்று எழுதிவிடுகிறோம். அருமையானது அந்தத் துயரம், துப்பறிதல் சுமார்தான். இரண்டையும் பிரித்து எழுதினால்தான் வாசகருக்குப் பயன்.

அடுத்த தவறு, நம் சந்தேகத்தைத் திசைதிருப்ப வரும் பாத்திரங்களை எல்லாம் ஒரே தட்டில் நிறுத்துவது. பத்திரிகைக் கடை நடத்திக்கொண்டு, சிறுவர்களின் கடற்படைப் பயிற்சிக் குழுவையும் கவனித்துவரும் ஜாக் மார்ஷல் என்ற முதியவர் மீது ஊர் சந்தேகம் கொள்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் அவர் சிறை சென்றது, பதினாறு வயது நிரம்பாத ஒரு பெண்ணோடு உறவு கொண்டதற்காக. பின்னர் அவளையே மணந்துகொண்டார் என்ற பாதியை நாளிதழ்களும் ஊராரும் கேட்க விரும்புவதில்லை. ஐந்தாம் எபிசோடில் அவர் உயிரை மாய்த்துக்கொள்கிறார். குற்றமற்ற ஒருவர்மீது நாமும் சேர்ந்துதானே சந்தேகப்பட்டோம் என்ற உறுத்தல் பார்ப்பவரிடம் தங்கிவிடுகிறது. அந்த வேடத்துக்காக டேவிட் பிராட்லிக்கு 2014இல் பாஃப்டா விருது கிடைத்ததில் வியப்பில்லை. மாறாக, இறந்தவனிடமிருந்து தனக்குச் செய்தி வருகிறது என்று சொல்லிக்கொண்டு வரும் தொலைபேசிப் பணியாளர் ஸ்டீவ் கானலியால் கதைக்கு நேரம் கடந்ததே தவிர வேறொன்றும் கூடவில்லை. ‘திசைதிருப்பல் அதிகம்’ என்று ஒற்றை வரியில் முடிப்பது ஜாக்குக்கு அநீதி. ‘பாத்திரங்கள் நிறைவு’ என்று பொதுவாகப் புகழ்வது ஸ்டீவுக்குத் தேவையற்ற சலுகை.

நடைமுறைப் பிழைகளைக் கையாள்வதிலும் சறுக்குகிறோம். சிலர் ஒவ்வொரு பிழையையும் பட்டியலிடுகிறார்கள். சிலர் ‘கதைதானே’ என்று எல்லாவற்றையும் மன்னிக்கிறார்கள். எந்தப் பிழையின் மீது கதை நிற்கிறது என்று பார்ப்பதே சரியான வழி. கொல்லப்பட்ட சிறுவனின் குடும்ப நண்பரை, அதுவும் அவனுடைய நெருங்கிய தோழனின் தாயை, அந்த வழக்கின் விசாரணையிலேயே வைத்திருப்பது நடைமுறையில் கடினம். ஆனால் அந்தச் சலுகையைத் தொடர் முதலிலேயே வெளிப்படையாகக் கேட்கிறது. இது சிற்றூர் என்பதும், எல்லிக்கு எல்லோரையும் தெரியும் என்பதுமே கதையின் அடித்தளம். நாம் அதைக் கொடுத்துவிடலாம்.

2015இல் வந்த இரண்டாம் சீசனுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. அங்கே களமே நீதிமன்றம். ஜோ குற்றத்தை மறுக்கிறான், காவலில் இருந்தபோது எல்லி அவனைத் தாக்கியதைக் காட்டி அவனுடைய வாக்குமூலத்தை எதிர்த்தரப்பு விலக்கவைக்கிறது, முடிவில் அவன் விடுதலையாகிறான். ஒரு வாக்குமூலம் எப்படிச் செல்லாமற்போகிறது என்பதையே கதையின் உயிராக வைத்திருக்கும் தொடர், நீதிமன்ற நடைமுறையில் துல்லியமாக இருக்க வேண்டாமா? இங்கிலாந்தின் குற்ற வழக்குகளில் சாட்சி சொல்லவிருப்பவர்கள் தங்கள் முறை வரும்வரை வெளியே காத்திருப்பது வழக்கம். இத்தொடரிலோ சாட்சிக் கூண்டு ஏறவேண்டியவர்களே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பிறர் சாட்சியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போதாததற்கு, ஹார்டியின் பழைய சாண்ட்புரூக் வழக்கு இன்னொரு பக்கம் ஓட, இரண்டுக்கும் உரிய கவனம் கிடைக்காமல் போனது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. எட்டு எபிசோடுகளையும் ஒரே இரவில் பார்த்துவிட்டு ‘இழுவை’ என்பது முறையன்று. வாரம் ஒன்றாக, ஏழு நாள் இடைவெளிக்காக எழுதப்பட்ட தொடர் அது. முதல் எபிசோடில், போக்குவரத்து நெரிசலில் காரை விட்டிறங்கி ஓடிவரும் பெத், மூடியிருக்கும் துணிக்கு வெளியே தெரியும் காலணிகளைப் பார்த்து அது தன் மகன் என்று அறிகிறாள். அந்த ஓட்டத்துக்குத் தொடர் கொடுக்கும் நேரத்தை இழுவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இறுதித் தவறு, சீசன்களைக் கூட்டிச் சராசரி போடுவது. ஒவ்வொன்றும் எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று தனித்தனியே பார்க்க வேண்டும். கதைச் சுருக்கம் மட்டும் ஒரு தொடரைத் தாங்கிப் பிடிக்காது என்பதற்கு, ‘பிராட்சர்ச்’சைத் தழுவி அமெரிக்காவின் ஃபாக்ஸ் அலைவரிசை 2014இல் எடுத்த ‘கிரேஸ்பாயின்ட்’ சான்று. அதே கரு, ஹார்டியாக நடித்த அதே டேவிட் டென்னன்ட், பத்து எபிசோடுகள்; ஒரே சீசனோடு நின்றுபோனது. மாறாக, ‘பிராட்சர்ச்’சின் இரண்டாம் சீசனில் தடுமாறியவர்கள் 2017இன் மூன்றாம் சீசனில் மீண்டெழுந்தார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான டிரிஷ் விண்டர்மன் காவல் நிலையத்துக்கு வந்ததிலிருந்து அதன் முதல் எபிசோட் தொடங்குகிறது. அவரை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதும், ஒவ்வொரு மாதிரியை எடுப்பதற்கு முன்னும் அவருடைய அனுமதியைக் கேட்பதும் அவசரமின்றிக் காட்டப்படுகின்றன. முன்பு மகனை இழந்த பெத், இப்போது டிரிஷுக்குத் துணையாக நிற்கும் ஆலோசகராக வருகிறார். ஊரின் ஆண்கள் அனைவரையும் வரிசையாகச் சந்தேக நிழலில் நிறுத்தும் பழைய பழக்கம் மட்டும் இந்தச் சீசனிலும் விடவில்லை.