ஆக்சைடு கேத்தோடைப் பாழாக்கும் தவறுகள்

சூடேற்றினால் எலக்ட்ரான்களை உமிழும் மின்முனை கேத்தோடு; நிக்கல் மீது பேரியம் ஆக்சைடு போன்றவற்றின் பூச்சு கொண்டது ஆக்சைடு கேத்தோடு. சென்ற ஐப்பசியில் கடலூரிலிருந்து எங்கள் புதுச்சேரி ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வந்த இரண்டு மாணவர்கள், அதைத் தயாரிப்பதில் நான் தொடக்கத்தில் செய்த பிழைகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்தார்கள். வெறுங்கையால் தொடுவது, பம்பின் எண்ணெயை மாற்ற மறப்பது போன்றவற்றை எவரும் சொல்லித்தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

உயிர்ப்பித்த கேத்தோடைக் காற்றுக்குக் காட்டுதல்

நிக்கல் மீது நாம் பூசுவது பேரியம், ஸ்ட்ரான்சியம், கால்சியம் ஆகியவற்றின் கார்பனேட்டுக் கலவை. ஆக்சைடாகவே பூசாததற்குக் காரணம், பேரியம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஹைட்ராக்சைடாகிவிடும் என்பதே. ஆகவே கார்பனேட்டை வெற்றிடத்துக்குள் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் சுட்டு, ஆக்சைடை அங்கேயே உருவாக்குகிறோம். அதில் சிறு பங்கு ஒடுக்கப்பட்டு, அதாவது ஆக்சிஜனை இழந்து, கிடைக்கும் தனிப் பேரியம்தான் எலக்ட்ரான் வெளியேறத் தேவைப்படும் வெளியேற்று ஆற்றலை ஏறத்தாழ 1.5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இறக்குகிறது; வெறும் டங்ஸ்டனுக்கு அது 4.5.

இப்படி உயிர்ப்பித்த கேத்தோடை வைத்துக்கொண்டு நான் வெற்றிடக் கலனைத் திறந்தேன். உள்ளே ஒரு கம்பி தளர்ந்திருந்தது. ஐந்து நிமிட வேலை என்று எண்ணினேன். வெளியே அடைமழை. மூடும்போது பூச்சு வெள்ளையாகவே இருந்தது. ஆனால் கார்பனேட்டும் வெள்ளை, ஆக்சைடும் வெள்ளை, ஹைட்ராக்சைடும் வெள்ளை. மறுநாள் சூடேற்றியபோது, சுமார் 400 டிகிரியிலேயே ஹைட்ராக்சைடு உருகி, நுண்துளைகள் நிறைந்த பூச்சு கட்டிதட்டிப்போக, ஈரத்தில் உப்பியிருந்த ஓரங்கள் செதில் செதிலாக உதிர்ந்து நிக்கல் வெளியே தெரிந்தது. மூன்று வார உழைப்பு அதோடு போயிற்று. “வெள்ளையாகத்தானே சார் இருக்கிறது?” என்று மாணவர் ஒருவர் கேட்டபோது எனக்கு வந்த எரிச்சலில் பாதி என்மீதே வந்தது.

திறந்தே ஆகவேண்டுமெனில், கேத்தோடு முழுவதும் ஆறிய பின் உலர் நைட்ரஜனை நிரப்பித் திறந்து, அந்தக் கேத்தோடு போய்விட்டதாகவே கணக்கிட்டு, புதிதாகப் பூசிய ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பேரியம் சேர்மம் ஊறிய நுண்துளை டங்ஸ்டன் கேத்தோடு காற்றை ஓரளவு பொறுக்கும்; ஆக்சைடு பூச்சிடம் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

மிகத் தூய நிக்கலைத் தேடி வாங்குதல்

செலவும் கூடும், உமிழ்வும் குறையும். நிக்கலில் வேண்டுமென்றே விடப்படும் சிறிதளவு மக்னீசியமும் சிலிக்கானும்தான் பூச்சின் அடிப்பகுதிக்கு ஊடுருவிப் பேரியம் ஆக்சைடை ஒடுக்குகின்றன.

ஹீட்டர் வோல்ட்டைக் கூட்டி உமிழ்வைத் தேடுதல்

பேரியம் ஆவியாகிவிடும், தேடாதீர்கள்.

கார்பனேட்டை அவசரமாகச் சுடுதல்

வெளிவரும் கார்பன் டைஆக்சைடைப் பம்ப் இழுத்து முடிப்பதற்குள் சூட்டைக் கூட்டினால், கார்பனேட்டும் ஆக்சைடும் கலந்த இடைநிலை உருகிப் பூச்சு இறுகிவிடும். அழுத்தமானியைப் பார்த்தே கூட்டுங்கள். முள் ஏறினால் நிறுத்தி, இறங்கிய பின் தொடருங்கள். எங்கள் கலனில் இதற்கு ஒரு முற்பகல் முழுவதும் ஆகிறது.