கார் ஆடியோ இரைச்சல்: ஃபில்டர் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ங்கீ' என்று ஏறும் சத்தம், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. கேட்டதும் ஓடிப்போய் ஃபில்டர் வாங்கி மாட்டுவதுதான் முதல் தவறு. சத்தம் கொஞ்சம் அடங்கும், பாஸ் ஒலியும் மெலியலாம், கோளாறு அப்படியே இருக்கும்.

முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள். செட்டை (டாஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோவை) அணைத்து, ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) இருந்து பாட்டுச் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளைக் கழற்றி, கேபிள் இல்லாமலே செட்டை மறுபடி ஆன் செய்து கேளுங்கள். சத்தம் நின்றால் அது ஆர்சிஏ வழியாக வருகிறது; கேபிள், செட், எர்த் மூன்றையும் பாருங்கள். நிற்காவிட்டால் ஆம்பின் எர்த்தை, அதாவது கார் பாடியோடு சேரும் நெகட்டிவ் வயரை, சந்தேகியுங்கள். செட் ஓடும்போது ஆர்சிஏவைப் பிடுங்கவே கூடாது. சில செட்டுகளில் ஆர்சிஏவின் எர்த் வழியில் முடிபோன்ற ஃபியூஸ் உண்டு. அது போய்விட்டால் சத்தம் நிரந்தரமாகிவிடும்.

எர்த்தில்தான் தவறுகள் அதிகம். பெயின்ட் மேலேயே போல்ட்டை முடுக்குவார்கள். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் வயரின் ரிங்கை மாட்டுவார்கள். அது உயிர் காக்கும் போல்ட், தொடவே கூடாது. டிக்கித் தகட்டில் ரூபாய் நாணய அளவுக்கு வெள்ளி மினுக்கம் தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். புதிதாகத் துளை போடுவதென்றால் கீழே பெட்ரோல் டாங்க், பிரேக் பைப் இல்லையென்று குனிந்து பார்த்த பிறகே போடுங்கள். ரிங், பல் வாஷர், நட் வைத்து இறுக்குங்கள். பவர் கேபிளின் அதே தடிமனில், 45 செ.மீ.க்குள் எர்த் வயர் முடியட்டும்.

முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஓடும் வண்டிக்கு இதோடு வேலை முடியாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, உப்புக்காற்றும் உண்டு. இறுக்கிய இணைப்பின் மேல் வாஸ்லைன் பூசி மூடுங்கள். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு வயர் இங்கே சீக்கிரம் அரிக்கும். முழுச் செம்பே நல்லது. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் கம்பெனி வயரை யாரும் பார்ப்பதில்லை. பச்சை பூத்திருந்தால் அதையும் சுரண்டுங்கள்.

எர்த்தை ஓம் வைத்து அளந்து நம்பாதீர்கள். மீட்டரின் வயரே 0.2, 0.3 ஓம் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே டிசி வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் இணைப்பு சரியில்லை.

பவர் கேபிள் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம் போகட்டும். குறுக்கே வந்தால் சிலுவைபோல் கடக்கட்டும். எஞ்சின் அணைந்தும் 'உஸ்' என்று கேட்டால் எர்த்தை நோண்ட வேண்டாம், ஆம்பில் ஒலியைப் பெருக்கும் அளவை வைக்கும் கெயினைக் குறையுங்கள்.

போனை சார்ஜரிலும் ஆக்ஸ் கேபிளிலும் ஒன்றாக மாட்டும்போது மட்டும் இரைந்தால், அங்கே ஆக்ஸ் வழியில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (எர்த் தொடர்பைப் பிரித்து இரைச்சலைத் தடுக்கும் சிறு கருவி) போடுவது சரியான வைத்தியம்தான்.